வண்டி கேள்வி – பதில்: காலையில் கேட்கும் டேப்பெட் சத்தம்

மார்கழி பிறந்தால் போதும், என் பட்டறைக்கு வரும் வண்டிகளிலும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களிலும் ஒரே புகார்தான் முன்னால் நிற்கும். காலையில் செல்ஃப் கொடுத்தவுடன் என்ஜினின் தலைப்பக்கத்தில், வால்வைத் தள்ளும் டேப்பெட்டிலிருந்து ‘டக் டக் டக்’. அதனால் இந்த இதழ் முழுவதையும் அந்தச் சத்தத்துக்கே ஒதுக்கிவிட்டேன். பிரேக், கிளட்ச், ஏசி பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சத்துவாச்சாரி): ஐயா, என்னுடையது 16 வால்வு பெட்ரோல் செடான். வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நாலைந்து விநாடி டக் டக் என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது. எல்லா நாளும் இல்லை. சில நாள் கேட்கிறது, சில நாள் இல்லை. ஒரு சர்வீஸ் நிலையத்தில் காட்டினேன். ‘ஹைட்ராலிக் லிஃப்டர் பதினாறும் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று பெரிய தொகை ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். அந்த மதிப்பீட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடுங்கள். நாலைந்து விநாடியில் தானாக அடங்குகிற சத்தத்துக்குப் பதினாறு லிஃப்டரையும் கழற்றச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதிலும் ‘சில நாள் கேட்கிறது, சில நாள் இல்லை’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியே லிஃப்டர்கள் வேலை செய்கின்றன என்பதற்குச் சாட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

வால்வுக்கும் அதைத் தள்ளுகிற உறுப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். என்ஜின் சூடானால் வால்வுத் தண்டு நீளும். நீள இடமில்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. அம்பாசடரிலும் பழைய மாருதி 800-இலும் இந்த இடைவெளியை மெக்கானிக் கையால் வைத்தார். உங்கள் வண்டியில் அந்த வேலையை ஹைட்ராலிக் லிஃப்டரில் இருக்கும் எண்ணெய் பார்த்துக்கொள்கிறது. லிஃப்டருக்குள் மேலும் கீழும் நகரும் சிறு உருளையான ஒரு பிளஞ்சர், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு சிறிய எஃகு உருண்டை. ஸ்பிரிங் பிளஞ்சரைத் தூக்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். உருண்டை விலகி எண்ணெய்க்கு வழிவிடும். வால்வைத் திறக்க வைக்கும், மேடுள்ள சுழல் தண்டான கேம் அழுத்தும் கணத்தில் உருண்டை வழியை மூடிக்கொள்ளும். உள்ளே சிக்கிய எண்ணெய் சுருங்காது. அதனால் லிஃப்டர் இறுகி நின்று வால்வைத் திறக்கிறது. 1930-இல் காடிலாக் நிறுவனம் தன் 16 சிலிண்டர் காரில் இந்த ஏற்பாட்டை வைத்ததே வால்வுச் சத்தம் உள்ளே இருப்பவர் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான்.

இனி இரவில் நடப்பதைப் பாருங்கள். என்ஜினை நிறுத்தும்போது கேம் எந்த இடத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கே நின்றாலும் சில வால்வுகள் திறந்தபடி இருக்கும். திறந்த வால்வின் ஸ்பிரிங் விடிய விடியத் தன் லிஃப்டரை அழுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் பிளஞ்சரின் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேறிவிடும். அழுத்தம் விழாத லிஃப்டர்களில் எண்ணெய் பெரும்பாலும் அப்படியே நிற்கும். காலையில், காலியானவை மட்டும் தட்டும். எண்ணெய் வந்து நிரம்பியதும் அடங்கும். முந்தைய நாள் என்ஜின் நின்ற இடத்தைப் பொறுத்து இன்று சத்தம் வரும், நாளை வராது. நம் ஊர்த் தெருமுனை அடிபம்பு இரவெல்லாம் சும்மா நின்றால், காலையில் நாலு அடி வெறுங்காற்றை அடித்துவிட்டுத்தான் தண்ணீர் தருகிறது. அதற்காகப் பம்பை யாரும் பிடுங்கி எறிவதில்லை.

அதற்காகக் கண்டுகொள்ளாமல் இருங்கள் என்று சொல்லவில்லை. முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை எடுங்கள். துடைத்து, மறுபடி முழுதாக இறக்கி எடுத்தால் எண்ணெய் இரண்டு குறிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் ஆயில் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். இது எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. மேல் குறியைத் தாண்டி ஊற்றினால் பிஸ்டன்களால் சுழலும் தண்டான கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். எண்ணெய் அமுங்காது; நுரையில் இருக்கும் காற்று அமுங்கும். நுரை புகுந்த லிஃப்டர் தட்டாமல் என்ன செய்யும்? ‘இருக்கட்டும், அரை லிட்டர் கூடவே ஊற்றுவோம்’ என்கிற தாராளம் இந்த விஷயத்தில் ஆகாது.

அடுத்தது ஆயில் ஃபில்டர். உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டப்பா வடிவ ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள். நடுவே மரையுள்ள பெரிய துளை, அதைச் சுற்றிச் சிறு துளைகள். அந்தச் சிறு துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு இருக்கும். என்ஜின் நின்ற பிறகு எண்ணெய் ஃபில்டரிலிருந்து என்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடாமல் தடுப்பது அந்த ரப்பர்தான். மெல்லிய குச்சியால் லேசாகத் தள்ளினால் மெத்தென்று உள்வாங்கி, விட்டதும் திரும்ப வந்து ஒட்ட வேண்டும். போலி ஃபில்டர்களில் இந்த ரப்பர் விறைத்துக் கிடக்கும், அல்லது ஒரு பக்கம் ஒட்டாமல் தூக்கி நிற்கும். நல்ல ஃபில்டரில்கூட ஓட வேண்டிய தூரத்துக்கு மேல் ஓடினால் வெப்பத்தில் கெட்டியாகிவிடும். பிறகு இரவெல்லாம் எண்ணெய் இறங்கி, காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பி, அப்புறம் குழாய்களை நிரப்பி, கடைசியில்தான் மேலே இருக்கும் லிஃப்டருக்கு வந்து சேரும். தரமான ஃபில்டர் ஒன்றைப் பில்லோடு வாங்கிப் போட்டதும் சத்தம் போய்விட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதினாறு லிஃப்டரின் விலைக்கு முன்னால் இது ஒரு செலவே இல்லை.

இந்தச் சத்தம் வால்வுப் பக்கத்திலிருந்துதான் வருகிறதா என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வு கவர் போல்ட்டின் தலையில் ஊன்றி, கைப்பிடியைக் காதின் முன்னெலும்பில் வைத்துக் கேளுங்கள். தோளில் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் ஃபேனுக்கோ பெல்ட்டுக்கோ அருகில் போகக் கூடாது. இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு போல்ட்டாக நகர்த்தினால் எந்தச் சிலிண்டரின் மேல் சத்தம் கூர்மையாகக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுழலும். ஐட்லிங்கில் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் ஒரு லிஃப்டர் நிமிடத்துக்கு 400 தடவை, அதாவது விநாடிக்கு ஆறேழு தடவை தட்டும். சின்னச் சுத்தியலின் சீரான, உலர்ந்த ஓசை அது. என்ஜினின் முன்மூடியிலிருந்து கரகரவென்று கேட்டு ஓரிரு விநாடியில் நின்றால் கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயினைச் சந்தேகப்பட வேண்டும். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பல என்ஜின்களில் எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. பிளாக்கின் நடுப்பகுதியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாகக் கேட்டு, சூடாகச் சூடாகக் குறைந்தால் பிஸ்டன். அலுமினிய பிஸ்டன் குளிர்ந்திருக்கும்போது சற்றுச் சிறுத்துச் சிலிண்டருக்குள் ஆடும். சூட்டில் விரிந்ததும் ஆட்டம் குறையும்.

கைப்பேசியில் இப்போதே ஒரு காலைச் சத்தத்தைப் பதிந்து வையுங்கள். ஃபில்டரும் எண்ணெயும் மாற்றிச் சில வாரம் ஓட்டிய பிறகு இன்னொன்று பதியுங்கள். நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்தால் பிரச்சினை முடிந்தது. நீண்டுகொண்டே போனாலோ, சூடான பிறகும் ஒரே இடத்தில் விடாமல் தட்டினாலோ மட்டும் வால்வு கவரைத் திறக்கச் சொல்லுங்கள். லிஃப்டர்களைக் கட்டைவிரலால் அழுத்தும்போது மற்றவை உறுதியாக நிற்க, எது மெத்தென்று அமுங்குகிறதோ அதுதான் குற்றவாளி. அது ஒன்றோ இரண்டோ இருக்கும். பதினாறும் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியை, ஆற்காடு): அப்பா விட்டுச் சென்ற மாருதி 800, 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. டேப்பெட் சத்தம் அதிகமாக இருந்ததால் பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்து சரிசெய்தேன். இப்போது சத்தமே இல்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, சிக்னலில் நிற்கும்போது உதறுகிறது, பாலாற்றுப் பாலம் ஏறும்போது முன்பிருந்த இழுவை இல்லை. சத்தம் போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு அம்மா. இந்த முறை வந்த கடிதங்களில் என்னைக் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். இதைப் படித்த அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். சரிபார்க்கும் வரை ராணிப்பேட்டைக்குக்கூட ஓட்ட வேண்டாம்.

உங்கள் என்ஜினில் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. ஒவ்வொன்றுக்கும், வால்வைத் தள்ளும் நெம்புகோலான ராக்கர் ஆர்மின் நுனியில் ஒரு ஸ்க்ரூ, அதைப் பிடித்து வைக்க ஒரு லாக் நட். இந்த வகை என்ஜினில் இடைவெளி இருந்தே ஆக வேண்டும்; இடைவெளி இருந்தால் சிறிது சத்தமும் இருந்தே ஆகும். சத்தம் முழுதாகப் போக வேண்டும் என்று ஸ்க்ரூவை இறுக்கிவிட்டால் இடைவெளியும் போய்விடும். என்ஜின் சூடாகி வால்வு நீண்டதும், மூட வேண்டிய நேரத்திலும் அது மயிரிழை திறந்தே நிற்கும். சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கிய அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், அந்த வழியாகக் கசியும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளுக்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இழுவை குறைவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்த வாயுவின் நடுவிலேயே வாழ்கிறது. அது வாங்கிய சூட்டின் பெரும்பகுதியை வெளியே கொடுப்பது, மூடிய நிலையில் தன் இருக்கையான சீட்டோடு ஒட்டி உட்காரும் அந்தச் சிறு கணத்தில்தான். வால்விலிருந்து சீட்டுக்கு, சீட்டிலிருந்து என்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு, ஹெட்டிலிருந்து ரேடியேட்டர் தண்ணீருக்கு. சரியாக உட்காராத வால்வுக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது. போதாததற்கு அந்த இடுக்கு வழியாகவே நெருப்பும் சீறுகிறது. விளிம்பு கருகி, ஓரிடத்தில் பிளந்து, பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டிய வேலையாகிவிடும். இடைவெளி அதிகமான டேப்பெட் தட்டிக்கொண்டே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்; ஸ்க்ரூவின் நுனி தேயும், அவ்வளவுதான். இடைவெளி இல்லாத டேப்பெட் ஒரு சத்தமும் போடாமல் வால்வை எரித்துவிடும். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளிலிருந்து ஸ்பேனர் பிடிக்கிறேன். சத்தத்தால் செத்த வால்வை நான் பார்த்ததில்லை. இறுக்கத்தால் எரிந்தவற்றை எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. முந்தைய மாலையே வண்டியை ஓட்டாமல், கட்டி இழுத்துக் கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டுவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன், ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாமல், டேப்பெட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜினுக்கு ஓர் எண், சூடான என்ஜினுக்கு வேறோர் எண் என்று கையேட்டில் இருக்கும். குளிர்ந்த நிலை என்று பல கையேடுகள் சொல்வது 15 முதல் 25 டிகிரி வரை. நம் ஊரில் மார்கழி விடியலில் அந்தச் சூடு இயல்பாகவே கிடைக்கிறது. அக்னி நட்சத்திரத்தில், காலையில் ஓடிவந்த வண்டியை மத்தியானம் நிழலில் நிறுத்திவைத்து ‘ஆறிவிட்டது’ என்று குளிர்ந்த எண்ணை வைத்தால் கணக்குப் பிசகும்.

பக்கத்தில் நின்று பாருங்கள், தப்பில்லை. வால்வு கவரைத் திறந்ததும், எந்தச் சிலிண்டரைப் பார்க்கிறாரோ அதன் பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் மேலே கொண்டுவர வேண்டும். அப்போது அதன் இரண்டு ராக்கரும் கையால் லேசாக ஆடும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜின் உரிய தகட்டை ஸ்க்ரூ நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே நுழைத்து இழுக்க வேண்டும். தகடு வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி அதிகம். மடங்கினால் குறைவு. லேசான பிடிப்போடு, எண்ணெய்ப் படலத்தை வழித்துக்கொண்டு வருவதுதான் சரி. எங்கள் தொழிலில் ‘தௌ’ என்றுதான் சொல்வோம். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 6 தௌ என்றால் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். கார் என்ஜின்களின் அளவுகள் பெரும்பாலும் 0.1 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். இவ்வளவு நுணுக்கமான அளவைக் காதால் கேட்டு வைக்க முடியாது. கேஜ் இல்லாமல் கைப்பழக்கத்தில் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேலை பிசகுவது பெரும்பாலும் கடைசி நொடியில்தான். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சிறிது திரும்பும். ஒரு கையில் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி நுழைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது சோதனையைச் செய்கிறவர்தான் டேப்பெட் தெரிந்தவர்.

எல்லாம் வைத்து முடித்ததும் மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் வால்வுகள் தப்பித்தன. ஒன்று மட்டும் மிகவும் கீழே இருந்தால் ஹெட்டை இறக்கி வால்வைப் பார்க்க வேண்டியிருக்கும். சமீபத்தில்தான் இறுக்கினார்கள் என்றால் தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சரியாக வைத்த பிறகு ஐட்லிங்கில் சீரான, மெல்லிய ‘டிக் டிக்’ கேட்கும். அது கேட்கட்டும். அப்பாவின் வண்டி இன்னும் பல காலம் ஓடும்.

கேள்வி (வாடகைக் கார் ஓட்டுநர், ஜோலார்பேட்டை): அண்ணா, சவாரிக்கு ஏலகிரி போய் இரவு மேலேயே தங்கினால் காலையில் டேப்பெட் சத்தம் அதிகமாக வருகிறது. கீழே வீட்டில் நிறுத்தினால் அவ்வளவு இல்லை. கையேட்டில் 5டபிள்யூ-30 ஆயில் என்று இருக்கிறது. ஸ்டாண்டில் இருப்பவர்கள் ‘நம் ஊர் வெயிலுக்கு அது தண்ணீர் மாதிரி, 20டபிள்யூ-50 ஊற்று, சத்தம் அடங்கும்’ என்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள் தம்பி. நோய்க்கு நேர் எதிரான மருந்து அது. முதல் எண் எண்ணெய் குளிரில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. சிறிய எண் என்றால் குளிரிலும் எளிதாக ஓடும். இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பது. ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் இரவு முழுவதும் பனியில் நின்ற வண்டியில் எண்ணெய் கெட்டிப்படுவது இயற்கை. அங்கே இன்னும் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் காலையில் அது மேலே ஏறிவர இன்னும் நேரமாகும். அதுவரை கேமும் ராக்கரும் ஏறக்குறைய உலர்ந்தே உரசும்.

ஸ்டாண்டில் இருப்பவர்கள் பொய் சொல்லவில்லை. கெட்டி எண்ணெய் ஊற்றினால், என்ஜின் சூடான பிறகு சத்தம் சற்று மங்கிக் கேட்கும். அதைத்தான் அவர்கள் குணமானதாக நினைக்கிறார்கள். ‘நம் ஊர் வெயில்’ என்ற வாதமும் பாதிதான் சரி. மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டினாலும், ஓடும் என்ஜினின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. கையேட்டில் வெளிச்சூட்டுக்கு ஏற்ற கிரேடு அட்டவணை இருந்தால், அதில் உள்ள எதை ஊற்றினாலும் சரி. அட்டவணையில் இல்லாததை ஊற்ற வேண்டாம். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: ஸ்டாண்டில் யாராவது கார்புரேட்டர் காலத்து வண்டி வைத்திருந்து, அதன் கையேடு 20டபிள்யூ-40 என்று சொன்னால், அவர் அதையே ஊற்றட்டும். அந்த என்ஜினுக்கு அதுதான் பொருத்தம்.

மேலே தங்கிய காலைகளில் ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் கொடுக்காதீர்கள். ஆயில் விளக்கு அணைந்து, சத்தம் அடங்கும் வரை அரை நிமிடம் பொறுங்கள். பிறகு மெதுவாக நகருங்கள். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டிய அவசியமில்லை.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): தம்பி துபாயில் இருக்கிறான். அவன் காரை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்திவிடுகிறேன். இருந்தும் இப்போது டேப்பெட் சத்தம் பல நிமிடம் நிற்பதில்லை. ஓடாத வண்டிக்கு எப்படிச் சத்தம் வரும்?

பதில்: அந்த ஐந்து நிமிடத்தால்தான் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். சிறிது பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கும். நன்றாகச் சூடான என்ஜினில் அது ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் எண்ணெய் சூடேறுவதில்லை. தண்ணீரும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கி, வாராவாரம் சேர்ந்து, கசடாகின்றன. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகக் கூழ் படிந்திருந்தால் நான் சொல்வது உங்களுக்கே தெரியும். கூடவே ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஓடாவிட்டாலும் எண்ணெய்க்கு வயது ஆகும்; கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் கொடுத்திருப்பது அதற்காகத்தான். மாற்றிய பிறகு பள்ளிகொண்டா வரை நிதானமாகப் போய்த் திரும்பி வாருங்கள். கசடு ஒட்டிய லிஃப்டர் ஒரே நாளில் விடாது. சில பயணங்கள் வேண்டும். சத்தம் குறைந்துகொண்டே வந்தால், அடுத்த எண்ணெய் மாற்றத்தைச் சீக்கிரமே செய்துவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றி என்ஜினைக் கழுவுகிறேன் என்று யாராவது வந்தால் அனுமதிக்காதீர்கள். பெயர்ந்த கசடு பம்பின் வலையை அடைத்தால் என்ஜினுக்கே எண்ணெய் கிடைக்காது.

இனிமேல் ஓட்டினால் அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவைத்து, தம்பி வரும் வரை வண்டியைச் சும்மா விட்டுவிடுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): ஸ்க்ரூ டேப்பெட் உள்ள பழைய காரில் கேஸ் கிட் போட்டேன். முன்பு சத்தம் இருந்தது, இப்போது தானாகவே குறைந்துவிட்டது. கேஸ் என்ஜினுக்கு நல்லது என்பது உண்மைதானா?

பதில்: தானாகக் குறைந்தது நல்ல செய்தி அல்ல. கேஸில் ஓடும்போது வால்வு சீட்டுகள் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கிக்கொண்டே போகலாம். வால்வு இறங்கினால் தண்டு ராக்கரை நெருங்கும், இடைவெளி சுருங்கும், சத்தம் குறையும். மேலே ஆற்காட்டு ஆசிரியைக்கு எழுதிய பதிலை உங்களுக்கும் சேர்த்தே எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே டேப்பெட் பாருங்கள். கேஸ் வண்டிக்குப் பெட்ரோல் வண்டியைவிட அடிக்கடி பார்க்க வேண்டும்.

கேள்வி (வாலாஜாபேட்டை வாசகர்): டேப்பெட் இரண்டு தடவை வைத்தாயிற்று. காலையில் டிக் டிக் போகவில்லை. சூடானால் நின்றுவிடுகிறது. மேடு ஏறும்போது அதிகம்.

பதில்: ‘மேடு ஏறும்போது அதிகம்’ என்று எழுதியதால் பிடி கிடைத்தது. புகையைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கட் கசிகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த நிலையில் இடுக்கு வழியாகப் புகை வெட்டி வெட்டி வெளியேறும். அந்த ஓசை டேப்பெட்டையே ஒத்திருக்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்ளும். அந்தச் சேர்க்கையில் கரிக்கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். போல்ட் தளர்ந்திருக்கலாம், ஸ்டட் ஒன்று முறிந்திருக்கலாம். டேப்பெட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி (திருப்பத்தூர் வாசகர்): சத்தம் போக எண்ணெயில் கலக்கும் புட்டி மருந்துகள் பலன் தருமா?

பதில்: கசடைக் கரைக்கும் வகை, கசடால் ஒட்டிக்கொண்ட லிஃப்டரில் சில சமயம் பலன் தரும். எண்ணெயைக் கெட்டியாக்கும் வகை சத்தத்தை மூடி மறைக்கும், அதை வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல எண்ணெயைக் குறித்த காலத்துக்கு முன்பே ஒருமுறை மாற்றினால் எனக்கு அதிகத் திருப்தி.

கேள்வி (காட்பாடி வாசகர்): எனக்கு நேர் எதிர். காலையில் சத்தமே இல்லை. சென்னை நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி, சுங்கச்சாவடியில் நிற்கும்போது ‘தட் தட்’ என்று கேட்கிறது, ஆயில் விளக்கும் மினுக்குகிறது. நகர்ந்தால் இரண்டும் போய்விடுகின்றன. டேப்பெட் வைக்கலாமா?

பதில்: டேப்பெட்டை மறந்துவிடுங்கள். சூட்டில் எண்ணெய் இளகியதும் அழுத்தம் விழுகிறது என்பதற்கான அறிகுறி இது. எண்ணெய் அளவை இன்றே பாருங்கள். அளவு சரியாக இருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், கட்டி இழுத்தோ வேறு வண்டியில் ஏற்றியோ பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டர் மாட்டி, குளிரிலும் சூட்டிலும் அழுத்தத்தை அளந்து, கையேட்டு எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சுவிட்ச் மட்டும் கெட்டிருந்தால் செலவு சில நூறு ரூபாய். ஆனால் சத்தமும் கேட்பதால் சுவிட்சின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். சம்ப்பை இறக்கிப் பம்பின் வலையையும் கிராங்க் பேரிங்குகளையும் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்டார்ட்.